முகவர் "ஐ.என்.சி. தேவையில்லை" என்கிறார்: செவிலியர் கல்லூரியின் அங்கீகாரம் வேலையையும் மேற்படிப்பையும் எங்கே தொடுகிறது?

தர்மபுரியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருப்பதன் சாரம் இது. மகளுக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அரசு இடம் கிடைக்கவில்லை. பெங்களூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் இருப்பதாக முகவர் ஒருவர் சொல்கிறார். பல்கலைக்கழக இணைப்பு உண்டு, மாநில அனுமதி உண்டு, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் உண்டு, இந்திய செவிலியர் மன்றத்தின் (ஐ.என்.சி.) அங்கீகாரம் எல்லாம் இப்போது தேவையே இல்லை என்பது அவருடைய வாதம். சேர்த்துவிடலாமா என்று தந்தை கேட்கிறார். கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. படித்து முடித்தால் மகளின் பெயர் செவிலியர் பதிவேட்டில் ஏறுமா? அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் தேறுவாளா? எம்.எஸ்சி.க்கோ வெளிநாட்டுக்கோ போக நினைத்தால் இந்தக் கல்லூரியின் பெயர் குறுக்கே நிற்குமா? இந்த மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அதனால்தான் "அங்கீகாரம் இருக்கிறதா" என்ற ஒற்றைக் கேள்விக்கு "இருக்கிறது" என்று யாரும் துணிந்து பதில் சொல்லிவிட முடிகிறது.

நான் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கி, பின்னர் செவிலியர் பள்ளியிலும் கல்லூரியிலுமாக இருபத்தெட்டு ஆண்டுகள் கற்பித்தவள்; ஆய்வுக் குழுக்கள் வரும்போது கோப்புகளை அடுக்கி வைத்தவள், படித்து முடித்துப் போன மாணவிகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களின் விவரத் தாள், தயாரித்துக் கையெழுத்துக்கு அனுப்பியவள். சட்டம் படித்தவள் அல்ல. வெளிநாட்டு விவகாரங்களில் என் அறிவு, மாணவிகள் அனுப்பிய படிவங்களை நிரப்பியதால் வந்த அறிவு. அங்கே போய் வேலை பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு செவிலியர் கல்லூரியின் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மாநில அரசின் சுகாதாரத் துறை ஆணை, கல்லூரி தொடங்கலாம் என்ற அனுமதி மட்டுமே. பல்கலைக்கழக இணைப்பு, தேர்வு நடத்திப் பட்டம் தருவதற்கானது. தமிழ்நாட்டில் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் அதைச் செய்கின்றன. மாநில செவிலியர் மன்றத்தின் ஏற்பு, படித்து முடித்தவரைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கானது. நம் மாநிலத்தில் அந்த மன்றம் 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், தாதியர் சட்டத்தின் வழி வந்தது. இவற்றுக்கு மேலே, நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காக 1947-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது இந்திய செவிலியர் மன்றம், நாம் ஐ.என்.சி. என்று சொல்வது அதைத்தான். நாக், மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். போன்ற பெயர்கள் இந்த வரிசையிலேயே வராதவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முகவரின் "தேவையில்லை" என்ற சொல் முற்றிலும் கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. அதன் வேர் தெரிந்தால்தான் அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாமர்த்தியம் என்று பிரிக்க முடியும். 1947-ஆம் ஆண்டின் சட்டத்தை வரிக்கு வரி படித்தால், அது பெரும்பாலும் பேசுவது 'தகுதி'யை, அதாவது இன்ன பல்கலைக்கழகம் அல்லது வாரியம் தரும் இன்ன பட்டம் அல்லது பட்டயம் என்பதை அங்கீகரிப்பது பற்றித்தான். அங்கீகரிக்கப்பட்ட தகுதி உடையவர் எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேரத் தகுந்தவர் என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லூரிகளைப் போய்ப் பார்ப்பது 13-ஆம் பிரிவின் ஆய்வாகவும், பார்த்ததில் குறை இருந்தால் அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவது 14-ஆம் பிரிவாகவும் வருகின்றன. இந்தச் சொல்லமைப்பைப் பிடித்துக்கொண்டுதான், தனித்தனிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் ஐ.என்.சி.க்கு இல்லை, மாநில மன்றமும் பல்கலைக்கழகமும் போதும் என்று கர்நாடகத்தில் வழக்கு நடந்து, 2017-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கல்லூரிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கர்நாடகக் கல்லூரிகளின் பெயர்கள் ஐ.என்.சி. பட்டியலில் இல்லாமல் போக, கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கே படிக்கப் போயிருந்த பிள்ளைகளின் வீடுகளில் பெரும் கலக்கம் ஏற்பட்டது. ஐ.என்.சி.யும் பின்னர் தன் சொற்களைக் கவனமாக்கிக்கொண்டு, கல்லூரி 'தகுந்ததாக' இருக்கிறதா என்று பார்ப்பதாகப் பேசத் தொடங்கியது.

கல்லூரி நடத்த ஐ.என்.சி.யின் அனுமதி சட்டப்படி வேண்டுமா என்பது நிர்வாகத்துக்கும் மன்றத்துக்கும் இடையிலான வழக்கு. உங்கள் மகளை நாளைக்கு வேலைக்கு எடுக்கப்போகிறவர் தன் விளம்பரத்தில் "ஐ.என்.சி. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்றிருக்க வேண்டும்" என்று எழுதினால், அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்ப்பு மேசையில் வாதாட வேண்டியது மகளின் பாடு. நிர்வாகம் வென்ற வழக்கின் செலவை மாணவி சுமக்கும்படி ஆகிவிடும். முகவர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

பதிவைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது இது. வேறு மாநிலத்தில் படித்தவர் பொதுவாக அந்த மாநில மன்றத்தில் முதலில் பதிவு செய்து, ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், தாதியர்) எண் பெற்று, அதன் பிறகு தடையின்மைச் சான்றுடன் தமிழ்நாட்டு மன்றத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தில் இரண்டு மன்றங்களும் கடிதம் பரிமாறிக்கொள்ளும். கல்லூரியின் பெயர், படித்த ஆண்டுகள், அந்த ஆண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எல்லாம் அப்போது எடுத்துப் பார்க்கப்படும். அனுமதிக்கப்பட்ட அறுபது இடங்களுக்கு மேல் அறுபத்தெட்டாவது ஆளாகச் சேர்க்கப்பட்ட மாணவியின் சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. நான்கு ஆண்டு முடித்து, தேர்வு எழுதி, பட்டமும் வாங்கிய பிறகு. இந்த மாற்றத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஆறு வாரத்தில் முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், ஆட்சேர்ப்பின் கடைசித் தேதி தாண்டிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அரசு வேலையில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுப்பது 2012-இல் ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பெற்ற பட்டயம் அல்லது பட்டம், அதோடு தமிழ்நாட்டு மன்றத்தில் பதிவு என்ற இரண்டும் அங்கே கேட்கப்படும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது, பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம், ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயம் படித்தவர் குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் 2 ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். இந்த அறிவிக்கைகளைப் படிக்கும்போது நான் மாணவிகளிடம் ஒரு சொல்லைத்தான் தேடச் சொல்வேன். சிலவற்றில் "இந்திய செவிலியர் மன்றம் அங்கீகரித்த நிறுவனம்" என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் "இந்திய செவிலியர் மன்றம் அல்லது மாநில செவிலியர் மன்றம்" என்று இருக்கும். அந்த 'அல்லது' இருந்தால் உங்கள் மகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. இல்லாவிட்டால் எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்றாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தப்படலாம். இந்தச் சொல் துறைக்குத் துறை மாறும், ஒரே துறையில் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். நான்கு ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் அறிவிக்கையில் அது இருக்குமா என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 'அல்லது' இல்லாத அறிவிக்கைக்கும் பொருந்துகிற கல்லூரியாகத் தேடுவது பத்திரம் என்கிறேன்.

தனியார் மருத்துவமனைகள் வேறு கணக்குப் போடுகின்றன. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு டியூட்டி போட்டுவிடுவார்கள். கல்லூரியின் பட்டியலைத் தேடிப் பார்க்கும் மேட்ரன் குறைவு. அவர்கள் பார்ப்பது ஐ.சி.யு.வில் தனியே நிற்க முடியுமா என்பதை. என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றால் ஒவ்வொரு செவிலியரின் பதிவும் நடப்பில் இருக்கிறதா என்பதைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். அதனால் அங்கே பதிவு விஷயத்தில் கெடுபிடி அதிகம். ஆக, தனியார் வேலை மட்டும் போதும் என்றால் ஐ.என்.சி. பட்டியலில் இல்லாத கல்லூரி உடனடியாக வேலையைத் தடுக்காது. ஆனால் பதினெட்டு வயதுப் பெண் எந்த வேலை மட்டும் போதும் என்று இப்போதே முடிவு செய்ய முடியும்?

மேற்படிப்பில் விதி கறாராக எழுதப்பட்டிருக்கிறது. எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர, ஐ.என்.சி. வகுத்த தகுதிப்படி, பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பி.எஸ்சி. அல்லது பட்டயம் படித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்திருக்க வேண்டும், குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும். இந்த நான்கில் மதிப்பெண்ணைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். கல்லூரியின் அங்கீகாரம் பிசகினால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை என்பது சேர்க்கை மேசைக்கு வந்த பிறகுதான் உறைக்கும். மருத்துவ அறுவைச் செவிலியம், சமுதாய நலம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் என்ற ஐந்து துறைகளில் எதை எடுப்பது என்று ஆறு மாதம் யோசித்த பெண், தான் படித்த கல்லூரியின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இல்லாததால் விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொண்டு போனதை நான் அருகிலிருந்து பார்த்தேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, பாடப்பிரிவுக்குத் தனித்தனியே தரப்படுகிறது. பி.எஸ்சி.க்கு இருந்து எம்.எஸ்சி.க்கு இல்லாத கல்லூரிகள் உண்டு, ஜி.என்.எம். பள்ளிக்குக் கிடைத்த கடிதத்தைக் காட்டி பி.எஸ்சி.க்குச் சேர்க்கை நடத்தியவர்களும் உண்டு. ஆசிரியப் பணியும் இந்த வரிசையில்தான் வருகிறது. உதவிப் பேராசிரியராக எம்.எஸ்சி. வேண்டும், எம்.எஸ்சி.க்கு அங்கீகாரம் பெற்ற பி.எஸ்சி. வேண்டும்; அடியில் ஒரு படி ஆடினால் மேலே உள்ள எல்லாம் ஆடும்.

வெளிநாட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. எனக்குத் தெரிந்தவரை, அங்கிருக்கும் பதிவு அமைப்புகள் ஐ.என்.சி. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அவர்கள் கேட்பது இரண்டு. உன் நாட்டில் நீ சட்டப்படி பதிவு பெற்ற பொதுச் செவிலியரா? உன் படிப்பில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு? அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு முன் சான்றுகளை மதிப்பிடும் அமைப்புகளில் முதன்மையானது 1977-இல் தொடங்கிய சி.ஜி.எஃப்.என்.எஸ்.; 2025 முதல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களின் மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் ஆகியவற்றில் வகுப்பும் வார்டுப் பயிற்சியும் இருந்தனவா என்று அது பாடவாரியாகப் பார்க்கும். அந்த மணிக்கணக்குத் தாளைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், பதிவுச் சரிபார்ப்பை மாநில மன்றம் நேராக அனுப்ப வேண்டும். விண்ணப்பிப்பவர் தன் கையால் அனுப்பினால் செல்லாது. பிரிட்டனின் செவிலியர் மன்றம் சொந்த நாட்டுப் பதிவுக்கு வழிசெய்யும் படிப்பைக் கேட்டுவிட்டு, கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கிறது. வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியே பல்கலைக்கழகம், மன்றம், வேலை பார்த்த மருத்துவமனை மூன்றிடமும் நேரடியாக எழுதிக் கேட்டு உறுதிசெய்வார்கள். சவூதியில் பி.எஸ்சி. படித்தவரை நிபுணச் செவிலியர் என்றும் பட்டயம் படித்தவரைத் தொழில்நுட்பச் செவிலியர் என்றும் வகைப்படுத்துவதால் சம்பளமும் அதற்கேற்ப மாறும்.

ஆக, வெளிநாட்டுப் பயணத்தில் கல்லூரியின் அங்கீகாரம் மறைமுகமாகத்தான் தாக்குகிறது. அரைகுறையாக நடந்த கல்லூரி பத்தாண்டில் மூடிவிட்டால் டிரான்ஸ்கிரிப்டில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. என்னிடம் டியூட்டராக இருந்த ஒருவர், தான் பட்டயம் படித்த பள்ளி மூடப்பட்ட பிறகு, அந்த அறக்கட்டளையின் பழைய எழுத்தர் வீட்டுப் பரணில் இருந்த வருகைப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, மணிக்கணக்கைக் கூட்டி, அதற்கு முத்திரை வைக்க யாரும் இல்லாமல் ஒன்றரை ஆண்டு அலைந்தார். கடைசியில் அவர் போகவில்லை.

அமெரிக்காவிலேயே படிக்க நினைப்பவர்களும் இங்கே கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இதே இரட்டை நிலை உண்டு. மாநிலச் செவிலியர் வாரியம் ஏற்ற கல்லூரியில் படித்தால் என்கிளெக்ஸ் எழுதலாம், ஆனால் ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ. போன்ற தேசியத் தரச்சான்று இல்லாத கல்லூரியில் படித்தவரைப் பல முதுநிலைக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கத் தயங்குகின்றன. பெயர்கள் வேறு, கதை நம்முடையதுதான்.

இனி நாக். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994-இல் ஏற்பட்ட இந்த அமைப்பு கலை, அறிவியல், பொறியியல் என எல்லா வகை உயர்கல்வி நிறுவனங்களையும் பொதுவான அளவுகோல்களால் மதிப்பிட்டுத் தரம் தருகிறது. அது நல்ல விஷயந்தான். நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை, ஆவணப் பராமரிப்பு இவற்றைப் பற்றி ஏதோ சொல்கிறது. ஆனால் நாக் 'ஏ' பெற்றதால் யாரும் பதிவேட்டில் ஏறுவதில்லை. எந்தச் செவிலியர் ஆட்சேர்ப்பு அறிவிக்கையிலும் அது நிபந்தனையாக இருந்து நான் பார்த்ததில்லை. பல துறைகள் உள்ள பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்த தரத்தைச் செவிலியர் கல்லூரியின் விளம்பரத்தில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. உங்கள் முகவர் அதை முன்னால் வைப்பது, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிற வேலை.

அங்கீகாரம் இருந்துவிட்டால் கல்வி தரமாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஆய்வுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குச் செய்முறைக் கூடத்துப் பொம்மைகளின் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மறுநாள் வந்த குழுவில் இருந்த மூத்த அம்மையார் ஒருவர் கோப்புகளின் பக்கமே திரும்பாமல், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, "ரைல்ஸ் ட்யூப் போட எவ்வளவு நீளம் எடுப்பாய்?" என்றார். மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்தும் குழாய் அது. "மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் நுனி வரை" என்று அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். குழாயைக் கையில் கொடுத்து அளந்து காட்டச் சொன்னதும், எந்த முனை உள்ளே போகும் முனை என்பதிலேயே தடுமாறினாள். அந்த அம்மையார் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனார். அந்த ஆண்டும் எங்களுக்கு அங்கீகாரம் தொடர்ந்தது.

அதனால் பட்டியலில் பெயர் இருப்பதைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் எடுத்துக்கொண்டு, மருத்துவமனையைப் போய்ப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கில் பயிற்சி வேண்டும் என்பது ஐ.என்.சி. வகுத்த அளவு. வார்டில் பாதிக் கட்டில்கள் விரிப்புக்கூட விரிக்காமல் கிடந்தால் மகள் எங்கே கற்பாள்? பிரசவ வார்டுக்கு எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். முந்தைய பாடத்திட்டத்தில் ஒரு மாணவி தன் கையால் 20 சுகப்பிரசவம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்; 2021-இல் வந்த புதிய செமஸ்டர் பாடத்திட்டம் அந்த எண்ணிக்கையைக் குறைத்தாலும் தேவையை நீக்கவில்லை. மாதம் நான்கு பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் அறுபது பேர் அந்தப் பதிவேட்டை எப்படி நிரப்புகிறார்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு நடுவில் அங்கீகாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்றும் நீங்கள் கேட்கலாம். சட்டம் இதைத் தேதியால் தீர்க்கிறது: அங்கீகாரத்தை விலக்கும்போது, இன்ன தேதிக்கு முன் தரப்பட்ட தகுதி மட்டும் செல்லும் என்று அறிவிக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே ஏற்கெனவே பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை; இடர் முழுவதும் அப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் தலையில்தான். வேறு கல்லூரிக்கு மாற்றுவது நடைமுறையில் செய்யப்படுவதுண்டு என்றாலும், எத்தனை பேருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பது அந்தந்த வேளையைப் பொறுத்தது. இதற்கிடையே 2023 ஆகஸ்டில் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, கல்விக்கு ஒன்று, நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் தர ஒன்று, ஒழுங்குக்கும் பதிவுக்கும் ஒன்று என மூன்று வாரியங்களை அது வகுக்கிறது. பழைய சட்டப்படி ஏற்கப்பட்ட தகுதிகள் தொடர்ந்து செல்லும் என்பதையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. கல்லூரியை அங்கீகரிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற பழைய சண்டைக்கு இந்தச் சட்டம் முடிவு கட்டும் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டுமே. அதை நம்பி இன்றைக்குப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.

வங்கிக் கடனையும் மறந்துவிடாதீர்கள். கல்விக்கடனுக்கான வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் செவிலியர் படிப்பு, ஐ.என்.சி. அல்லது வேறு ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கிளை மேலாளர் அதை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்துக் கடன் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் நடக்கும். ஒரு வழியில் இது நன்மைதான். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் தாள்களை வங்கிக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள்; முகவரைவிட அவர் நிதானமாகப் படிப்பார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவு. ஐ.என்.சி. இணையதளத்தில் மாநிலவாரியாக, பாடப்பிரிவுவாரியாக, கல்வியாண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. மகள் சேரும் கல்வியாண்டுக்கான பட்டியலில், பி.எஸ்சி. என்ற தலைப்பின் கீழ், அந்தக் கல்லூரியின் முழுப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஒரே அறக்கட்டளை ஒரே சாயல் பெயரில் மூன்று கல்லூரிகள் நடத்துவதுண்டு. பெயர் இல்லாவிட்டால், படித்து முடித்தபின் பதிவை மாற்றிக்கொள்வதில் என்ன கேட்பீர்கள் என்று சென்னையில் உள்ள தமிழ்நாட்டு மன்றத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது நான்கு ஆண்டுக்குப் பிறகு நிற்காது. அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைத்தால் தேதியிட்ட ரசீது வாங்குங்கள், முன்பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள். மகளுக்குத் தமிழ்நாட்டிலேயே பட்டியலில் உள்ள பள்ளியில் மூன்றாண்டு ஜி.என்.எம். இடம் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதை முடித்துப் பதிவு செய்து, இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பட்டத்துக்கு வந்துவிடலாம், ஓராண்டு கூடுதலாகும். ஓராண்டில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருப்பவற்றின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து எந்த மாநிலப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. முகவர் அடுத்த முறை அழைக்கும்போது, கல்லூரியின் பெயர் உள்ள நடப்பு ஆண்டுப் பட்டியலின் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். அவர் என்ன அனுப்பினார் என்பதை இங்கே எழுதினால் அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.